இதழியல், பி.ஆர். இன்டர்ன்ஷிப்: கல்லூரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிப்ரவரி, மார்ச் வந்துவிட்டால் போதும், கல்லூரிப் பிள்ளைகளிடமிருந்து ஒரே மாதிரியான கேள்விகள் வரத் தொடங்கிவிடும். பத்திரிகையில் பயிற்சிக்குச் சேர யாரைப் பார்க்க வேண்டும், சிபாரிசு இல்லாமல் நடக்குமா, சொந்த ஊரில் இருந்தே செய்யலாமா, பி.ஆர். (மக்கள் தொடர்பு) கம்பெனியில் என்னதான் வேலை? தமிழ்நாட்டில் படித்துக்கொண்டு ஊடகத்துக்கு வர நினைக்கும் மாணவர்களுக்காக இவற்றுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். செய்திகளைத் திருத்தும் டெஸ்க்கில் உட்கார்ந்து, பயிற்சிக்கு வந்தவர்கள் எழுதிய காப்பியைத் திருத்திய அனுபவத்திலிருந்து சொல்வது இது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விண்ணப்பம் போடுவதற்கு முன்பே எழுதத் தொடங்கிவிட்டவர்களுக்குத்தான் இடம் எளிதாகக் கிடைக்கிறது. அப்படி எழுத உங்கள் ஊரே போதும்.

இன்டர்ன்ஷிப்பில் உண்மையில் என்ன செய்யச் சொல்வார்கள்?

நாளிதழ் என்றால் முதல் சில நாட்கள் பெரும்பாலும் செய்திக்குறிப்புகளைச் சுருக்கி எழுதும் வேலைதான். பிறகு மூத்த நிருபருடன் பிரஸ் மீட்டுக்கு அனுப்புவார்கள். மழை, பேருந்துக் கட்டணம், தேர்வு முடிவு என்று ஏதாவது ஒன்றைப் பற்றி மக்களிடம் கருத்து வாங்கி வரச் சொல்வார்கள். டிவியில் கேமராமேனுடன் போய் பைட் (கேமரா முன் சொல்லும் சிறு கருத்து) வாங்குவது, பேட்டியைக் கேட்டுத் தட்டச்சு செய்வது, கீழே ஓடும் ஸ்க்ரோலுக்கு ஒற்றை வரி எழுதுவது. டிஜிட்டலில் தலைப்பு வைப்பது, வீடியோவுக்கு ஸ்கிரிப்ட், சமூக வலைதளத்துக்கு கார்டு.

செய்திக்குறிப்பைச் சுருக்குவதைப் பலர் மட்டமான வேலையாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு உதாரணம் பாருங்கள். மாநகராட்சியிலிருந்து ஒரு குறிப்பு வருகிறது. ‘மேயர் தலைமையில், ஆணையர் முன்னிலையில் ஆய்வுக் கூட்டம் நடைபெற்றது’ என்று தொடங்குகிறது. இரண்டாவது பத்தியில் கலந்துகொண்ட அதிகாரிகளின் பெயர்கள். மூன்றாவது பத்தியில் பொதுவான அறிவுரைகள். நான்காவது பத்தியின் கடைசி வரியில், குழாய் மாற்றும் பணி காரணமாக மூன்று வார்டுகளுக்கு இரண்டு நாள் குடிநீர் வராது என்று இருக்கிறது. அந்தக் கடைசி வரியைத் தூக்கி முதல் வரியாக வைத்துவிட்டு, எந்தத் தேதி, எந்தத் தெரு, லாரித் தண்ணீருக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று அலுவலகத்துக்கு போன் போட்டுக் கேட்கிற பிள்ளையை எந்தத் தலைமை நிருபரும் கவனிப்பார். அடுத்த நாளே வெளியே அனுப்பிவிடுவார்.

எப்போது தேடத் தொடங்க வேண்டும்?

கோடை விடுமுறைக்குக் கூட்டம் அதிகம். மே மாதம் சேர வேண்டும் என்றால் பிப்ரவரி கடைசிக்குள் கேட்டுவிடுங்கள். டிசம்பர் விடுமுறைக்குப் போட்டி குறைவு, கற்றுக்கொடுக்க ஆட்களுக்கும் கொஞ்சம் நேரம் இருக்கும். முதலாம் ஆண்டிலேயே கேட்கலாமா என்றால், கேட்கலாம். ஆனால் இரண்டாம் ஆண்டு முடிவில் செய்கிற பயிற்சிதான் உங்களுக்கு அதிகம் பயன்படும். ஓரளவு எழுத்து கைவந்திருக்கும், கற்றதைக் கல்லூரியில் பயன்படுத்த இன்னும் ஓர் ஆண்டு மிச்சம் இருக்கும்.

நான் விஸ்காமோ ஜர்னலிசமோ படிக்கவில்லை. எடுப்பார்களா?

எடுப்பார்கள். தமிழ் இலக்கியம், வணிகவியல், பொறியியல், விவசாயம் என்று எல்லாத் துறையிலிருந்தும் செய்தியாளர்கள் வந்திருக்கிறார்கள். வணிகவியல் மாணவருக்கு ஒரு கம்பெனியின் வரவு செலவு அறிக்கையைப் படிக்கத் தெரியும். அது செய்தி அறையில் அரிதான திறமை. பி.எஸ்சி. விவசாயம் படிப்பவருக்கு நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் என்று சொல்லி மூட்டையைத் திருப்பி அனுப்புவதன் பின்னணி புரியும். உங்கள் படிப்பை மறைக்காதீர்கள், அதை முன்னால் வையுங்கள்.

ஒரே சிக்கல், சில நிறுவனங்கள் துறைத் தலைவரின் கடிதத்தைக் கேட்கும். எந்தத் துறையாக இருந்தாலும் ‘இவர் எங்கள் மாணவர், பயிற்சிக்கு ஆட்சேபணை இல்லை’ என்று கல்லூரி முத்திரையுடன் ஒரு கடிதம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கெல்லாம் கேட்கலாம்?

எல்லோரும் சென்னையில் இருக்கும் நாலைந்து பெரிய பெயர்களுக்கே எழுதுகிறார்கள். அங்கே எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் பட்டியல் அதைவிட நீளம்.

தமிழ் மாணவர்களுக்கு என்றே பல பத்தாண்டுகளாக நடந்துவருவது விகடன் குழுமத்தின் மாணவப் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டம். ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் காலத்தில் தொடங்கியது. கல்லூரியில் படித்துக்கொண்டே, இருக்கிற ஊரிலிருந்தே எழுதலாம் என்பதுதான் அதன் பெரிய பலம். இன்று தமிழ் ஊடகத்தில் பெயர் சொல்லும்படி இருக்கும் பலர் அந்த வழியாக வந்தவர்கள். அறிவிப்பு விகடன் இதழ்களிலும் இணையதளத்திலும் வரும். அதைத் தவறவிடாமல் பார்த்துக்கொண்டே இருங்கள்.

தினத்தந்தி 1942-இல் மதுரையில் தொடங்கிய பத்திரிகை என்பதை நினைவில் வையுங்கள். தமிழ் நாளிதழ்கள் எப்போதுமே சென்னையில் மட்டும் நடந்தவை அல்ல. மதுரை, கோவை, திருச்சி, திருநெல்வேலி, சேலம் என்று பதிப்பு அலுவலகங்கள் இருக்கின்றன. அங்கே ஆட்கள் குறைவு, வேலை அதிகம். அதனாலேயே பயிற்சிக்கு வருபவருக்கு முதல் வாரத்திலேயே உண்மையான வேலை கிடைக்கும். ஆங்கில நாளிதழ்களுக்கும் இந்த ஊர்களில் பெரும்பாலும் நிருபர்கள் இருக்கிறார்கள்.

செய்தி சேனல்களில் ஆள் தேர்வு பெரும்பாலும் மனிதவளப் பிரிவு வழியாக நடக்கும். கல்லூரியின் பிளேஸ்மென்ட் செல் மூலமாகப் போவது நல்லது. கிராமப்புறச் செய்தியில் ஆர்வம் உள்ளவர்கள் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய ‘பாரி’ இணைய இதழைப் பாருங்கள். தமிழிலும் வருகிறது. மாணவர்கள் எழுதும் கட்டுரைகளுக்கென்று அங்கே தனிப் பிரிவு உண்டு. திருத்தித் தருவதிலும் பொறுமை உண்டு.

இன்டர்ன்ஷாலா, லிங்க்டுஇன் போன்ற தளங்களில் பி.ஆர்., உள்ளடக்கம் எழுதுதல், சமூக ஊடகம் சார்ந்த வாய்ப்புகள்தான் அதிகம் வரும். செய்தி நிருபர் பயிற்சிக்கு நேரடியாக எழுதுவதே பலன் தருகிறது.

சென்னைக்கு வந்து தங்க வசதியில்லை. ஊரிலிருந்தே என்ன செய்ய முடியும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிக்க விரும்புகிறேன். காரணம், சென்னையில் ஹாஸ்டல் வாடகை கொடுக்க முடியாத பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வராமல் போனால், இழப்பு பத்திரிகைகளுக்குத்தான்.

உங்கள் மாவட்டத் தலைநகருக்கு ஒரு திங்கட்கிழமை காலை போங்கள். கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும். வாசலில் போலீஸார் பைகளைத் திறந்து பார்ப்பார்கள், யாராவது மண்ணெண்ணெய் கொண்டுவந்திருக்கிறார்களா என்று. வெளியே மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் பக்கத்தில், அனுமதி கேட்டு, ஒரு மணி நேரம் உட்காருங்கள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை நின்றுபோனது, சுடுகாட்டுப் பாதை, ஆக்கிரமிப்பு, குடிநீர். ஒரே கிராமத்திலிருந்து நான்கு பேர் நான்கு மனுவில் ஒரே குறையை எழுதச் சொன்னால், அங்கே ஒரு செய்தி இருக்கிறது. மனுதாரரிடம் பேசுங்கள். போன முறை கொடுத்த மனுவின் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு சம்பந்தப்பட்ட தாசில்தார் அலுவலகத்திலோ ஒன்றிய அலுவலகத்திலோ விளக்கம் கேளுங்கள். இருநூற்றைம்பது வார்த்தையில் எழுதுங்கள். எந்த இன்டர்ன்ஷிப்பும் கற்றுத்தரும் முதல் பாடம் இதுதான். இதற்கு யாருடைய அனுமதிக் கடிதமும் வேண்டாம்.

அடுத்தது கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபைக் கூட்டம் நடத்தப்படுகிறது. உங்கள் ஊராட்சியின் வாக்காளராக நீங்கள் அதில் உட்காரலாம், கேள்வி கேட்கலாம். தீர்மானத்தில் எழுதியதும் மக்கள் பேசியதும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

இப்படி எழுதிய இரண்டு மூன்று செய்திகளோடு, உங்கள் ஊரில் இருக்கும் பகுதிநேர நிருபரைப் போய்ப் பாருங்கள். தாலுகா செய்தியாளர் என்று எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். பேருந்து நிலையப் பத்திரிகைக் கடையில் கேட்டால் சொல்வார்கள். அவர் மூலமாக மாவட்ட நிருபர், அங்கிருந்து பதிப்பு அலுவலகம் என்று வழி திறக்கும். பிறர் எழுதிக்கொடுக்கும் சிபாரிசுக் கடிதத்தைவிட இந்த அறிமுகத்துக்கு மதிப்பு அதிகம். உங்கள் வேலையைப் பார்த்துவிட்டு அவர் பேசுகிறார்.

வெளியான எழுத்து ஒன்றுகூட இல்லையே. எதைக் காட்டுவது?

வெளியாகியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, எழுதியிருக்க வேண்டும். மேலே சொன்ன மாதிரி மூன்று துண்டுகளை ஒரு பி.டி.எஃப். ஆக்கி வையுங்கள். கவிதை, ‘இளைஞர்களே விழித்தெழுங்கள்’ வகைக் கட்டுரை, சினிமா விமர்சனம் ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். செய்தி ஆசிரியர் பார்க்க விரும்புவது நீங்கள் மூன்று மனிதர்களிடமாவது பேசினீர்களா, பெயரும் ஊரும் வயதும் சரியாக வாங்கினீர்களா, எதிர்த்தரப்பைக் கேட்டீர்களா என்பதை.

துணிச்சல் உள்ளவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டம். வெள்ளைத்தாளில் மனு எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ‘எங்கள் பேரூராட்சியில் கடந்த மூன்று ஆண்டுகளில் தெருவிளக்குப் பராமரிப்புக்குச் செலவிட்ட தொகை, ஆண்டுவாரியாக’ என்று குறிப்பாகக் கேளுங்கள். ‘ஏன் விளக்கு எரியவில்லை’ என்று கேட்டால் அது தகவல் கோருவது ஆகாது, மனு தள்ளுபடி ஆகலாம். வந்த பதிலை வைத்து எழுதிய ஒரு செய்தி, பத்துச் சான்றிதழுக்குச் சமம்.

மின்னஞ்சலில் என்ன எழுதுவது?

சுருக்கமாக. ‘தங்களின் பாரம்பரியமிக்க நிறுவனத்தில் பணியாற்றுவது என் வாழ்நாள் கனவு’ என்று தொடங்கும் கடிதங்களை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. இந்த மாதிரி எழுதிப் பாருங்கள்:

‘மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். நான் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தவள், பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மே 2 முதல் ஜூன் 10 வரை உங்கள் நெல்லைப் பதிப்பில் பயிற்சி பெற விரும்புகிறேன். பாவூர்சத்திரம் சந்தையில் தக்காளி விலை சரிந்தபோது விவசாயிகள், கமிஷன் கடைக்காரர்கள், லாரி ஓட்டுநர்களிடம் பேசி எழுதிய செய்தியையும், எங்கள் ஊராட்சி கிராம சபை பற்றிய செய்தியையும் இணைத்துள்ளேன். தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்வேன். போனில் வீடியோ எடுத்து வெட்டி ஒட்டத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையும் வர முடியும். கல்லூரியின் கடிதம் இணைப்பில் உள்ளது.’

இவ்வளவுதான். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த ஊரில், என்ன தெரியும், ஆதாரம் என்ன என்ற நான்கும் இருக்கின்றன. சப்ஜெக்ட் வரியிலும் மாதத்தையும் ஊரையும் போடுங்கள். ஒரே மின்னஞ்சலை இருபது பத்திரிகைக்கு ஒன்றாக அனுப்பி, எல்லா முகவரியும் எல்லோருக்கும் தெரியும்படி விட்டுவிடாதீர்கள். அது நேராகக் குப்பைக்குப் போகும்.

பதிலே வரவில்லை என்றால்?

பெரும்பாலும் வராது. அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாரம் கழித்து, பகல் பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் அலுவலக எண்ணுக்கு போன் செய்யுங்கள். மாலை ஐந்துக்கு மேல் அழைக்காதீர்கள். செய்தி வந்து குவிகிற நேரம் அது, பக்கம் முடிக்கிற அவசரத்தில் யார் அழைத்தாலும் எரிச்சல்தான் மிஞ்சும். நேரில் போக முடிந்தால் போங்கள். மாவட்டப் பதிப்பு அலுவலகங்களில் இன்னமும் நேரில் போய் நின்று, ‘சார், மெயில் போட்டிருந்தேன்’ என்று சொல்பவருக்குத்தான் மரியாதை.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. பி.ஆர். பக்கம் போகவே முடியாதா?

போகலாம். நல்ல தமிழ் எழுதத் தெரிந்த ஆள் கிடைக்காமல் பி.ஆர். நிறுவனங்கள் திண்டாடுகின்றன. மும்பையிலோ டெல்லியிலோ ஆங்கிலத்தில் தயாராகும் செய்திக்குறிப்பு சென்னைக்கு வந்து தமிழாகி, தமிழ் நாளிதழ்களுக்கும் சேனல்களுக்கும் போக வேண்டும். இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். மில்லியன் என்பது பத்து லட்சம், பில்லியன் என்பது நூறு கோடி. இதைக் குழப்பி, ஐம்பது கோடி முதலீடு ஐந்து கோடியாக அச்சாகும். வாக்கியம் ஆங்கில வரிசையிலேயே இருக்கும். படிக்கிற துணை ஆசிரியர் இரண்டாவது வரியில் மூடி வைத்துவிடுவார்.

பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம், அதாவது பி.ஐ.பி., தன் செய்திக்குறிப்புகளை ஆங்கிலத்திலும் தமிழிலும் இணையத்தில் வெளியிடுகிறது. தினமும் ஒன்றை எடுத்து, தமிழ்ப் பதிப்பைப் பார்க்காமல் நீங்களே எழுதுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மாதம் செய்தால் ஆங்கிலமும் முன்னேறும், உங்கள் தமிழ் அவர்களுடையதைவிட நன்றாக ஓடுகிற நாளும் வரும். அந்த ஐந்தாறு மாதிரிகளை விண்ணப்பத்தோடு வையுங்கள்.

பி.ஆர். ஏஜென்சியில் ஒரு இன்டர்னின் நாள் எப்படி இருக்கும்?

காலை ஏழு மணிக்கே தொடங்கும். தமிழ், ஆங்கில நாளிதழ்களைப் புரட்டி, ஏஜென்சியின் வாடிக்கையாளர் நிறுவனம் பற்றியும் அதன் போட்டியாளர்கள் பற்றியும் என்ன வந்திருக்கிறது என்று தேடி, வெட்டி, ஒன்பது மணிக்குள் தொகுத்து அனுப்ப வேண்டும். கவரேஜ் ரிப்போர்ட் என்பார்கள். அலுப்பான வேலை என்று தோன்றும். ஆனால் மூன்று வாரம் இதைச் செய்தவருக்கு எந்த நாளிதழ் எந்தப் பக்கத்தில் எந்த மாதிரிச் செய்தியைப் போடும், எந்த நிருபர் மருத்துவம் பார்க்கிறார், யார் தொழில்துறை பார்க்கிறார் என்பது மனப்பாடம் ஆகிவிடும்.

அடுத்து மீடியா லிஸ்ட். நிருபர்கள் நிறுவனம் மாறிக்கொண்டே இருப்பார்கள், அந்தப் பட்டியலைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். பிரஸ் மீட் அன்று வாசல் மேஜையில் பெயர் பதிவு செய்வது, தமிழ், ஆங்கிலக் குறிப்புகள் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது, கேமராக்காரர்களுக்கு இடம் ஒதுக்குவது. பிறகு ஃபாலோ அப் போன். இந்த போனில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். ‘சார், மெயில் கிடைத்ததா, எப்போது வரும்?’ என்று மட்டும் கேட்டால் நிருபர் எரிந்துவிழுவார். ‘சார், நீங்கள் போன வாரம் டயாலிசிஸ் பற்றி எழுதியிருந்தீர்கள். இந்த மருத்துவமனையில் அது பற்றிப் பேச ஒரு டாக்டர் இருக்கிறார், நேரம் வாங்கித் தரட்டுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு அவர் என்ன எழுதினார் என்று படித்திருக்க வேண்டும்.

ஏஜென்சி மட்டுமல்ல, பெரிய மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்கள், தொண்டு நிறுவனங்களிலும் மக்கள் தொடர்புப் பிரிவு இருக்கிறது. அங்கெல்லாம் கேட்பவர்கள் குறைவு. இந்திய மக்கள் தொடர்புச் சங்கத்துக்குச் சென்னைக் கிளை உண்டு. ஏப்ரல் 21 தேசிய மக்கள் தொடர்பு தினம், அதையொட்டி நடக்கும் நிகழ்ச்சிகளுக்குப் போனால் ஆட்களைப் பார்க்கலாம்.

சினிமா பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பாளர்) ஆவதற்கு இன்டர்ன்ஷிப் உண்டா?

முறையான திட்டம் என்று ஒன்றைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. ஒரு பி.ஆர்.ஓ.விடம் உதவியாளராகச் சேர்வதுதான் வழி. 1958-இல் எம்.ஜி.ஆர். படம் ஒன்றுக்குப் பணியாற்றியதன் மூலம் தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று பெயர் பெற்ற ஃபிலிம் நியூஸ் ஆனந்தன், படங்களைப் பற்றிய தகவல்களையும் புகைப்படங்களையும் வாழ்நாள் முழுதும் சேர்த்து வைத்தார். யாருக்கு எந்தத் தகவல் வேண்டுமானாலும் அவரிடம்தான் போனார்கள். அந்தப் பழக்கம் உங்களிடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

பத்திரிகையில் பயிற்சி எடுத்துக்கொண்டே பி.ஆர். வேலையும் பார்க்கலாமா?

ஒரே நேரத்தில் கூடாது. காலையில் ஒரு பள்ளிக்கு விளம்பரக் குறிப்பு எழுதிவிட்டு மாலையில் அதே ஊர்ப் பள்ளிகளின் கட்டணக் கொள்ளை பற்றிச் செய்தி எழுத முடியாது. கோடையில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று மாற்றிச் செய்யலாம். அது நல்லதும்கூட, இரு பக்கமும் தெரிந்தவர் இரு பக்கமும் நன்றாக வேலை செய்வார். முன்பு எங்கே பயிற்சி பெற்றீர்கள் என்பதை மட்டும் ஆசிரியரிடம் மறைக்காதீர்கள்.

பிரஸ் மீட்டில் கவர் கொடுத்தால் என்ன செய்வது?

வாங்காதீர்கள். பணம் வைத்த கவர் கொடுக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. ‘வேண்டாங்க, நன்றி’ என்று சொல்லிவிட்டு வந்து உங்கள் தலைமை நிருபரிடம் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர் வாங்கினாலும் சரி, உங்களை வற்புறுத்தினாலும் சரி. பேனா, நோட்டு, டீ, வடை பரவாயில்லை. இதில் என்னிடம் விட்டுக்கொடுத்தல் இல்லை. மாணவப் பருவத்தில் ஒரு முறை வாங்கிப் பழகிய கை பிறகு எந்தச் செய்தியையும் நேராக எழுதுவதில்லை.

உதவித்தொகை கிடைக்குமா? பணம் கட்டச் சொல்கிறார்களே?

நாளிதழ், சேனல்களில் பல இடங்களில் எதுவும் கிடையாது. சில இடங்களில் பயணச் செலவு தருவார்கள். பி.ஆர்., டிஜிட்டல் நிறுவனங்களில் ஏதோ ஒரு தொகை கிடைக்க வாய்ப்பு அதிகம். சேரும் முன்பே, தயங்காமல், பயணப்படி உண்டா என்று கேளுங்கள். கேட்பது தவறே இல்லை. ஊதியமில்லாத பயிற்சியை ஆறு வாரத்துக்கு மேல் நீட்டிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதற்கு மேல் நீங்கள் செய்வது பயிற்சி இல்லை, சம்பளம் இல்லாத வேலை.

பயிற்சிக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். பதிவுக் கட்டணம், ஐ.டி. கார்டு கட்டணம், சான்றிதழ் கட்டணம் என்று எந்தப் பெயரிலும். ‘பிரஸ்’ என்று போட்ட அடையாள அட்டையை விற்பதற்காகவே நடக்கும் பெயர் தெரியாத இதழ்கள் இருக்கின்றன. அந்த அட்டையை வைத்துக்கொண்டு வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டுவதால் யாரும் நிருபர் ஆகிவிடுவதில்லை.

மத்திய அரசு 2024-இல் அறிவித்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அறிவித்தபோது அது முழுநேரமாகக் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கானதாக இல்லை.

பெண் பிள்ளைகளுக்கு வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன சொல்வது?

பயத்தில் நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட வேண்டாம். சட்டத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சிக்கு வருபவர்களையும் காக்கிறது, சம்பளம் வாங்காவிட்டாலும். வேலை நிமித்தமாகப் போகும் இடமும், நிறுவனம் ஏற்பாடு செய்த வாகனமும் பணியிடத்தில் சேரும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த அலுவலகத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சிறிய அலுவலகம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

சேர்ந்த முதல் நாளே குழுவின் உறுப்பினர்கள் யார் என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பதிலேயே அலுவலகம் எப்படி என்று ஓரளவு புரிந்துவிடும். இரவுப் பணிக்கு வண்டி உண்டா என்று கேளுங்கள். ‘பேட்டி’ என்று சொல்லி அலுவலகத்துக்கு வெளியே, ஹோட்டல் அறைக்கோ வீட்டுக்கோ தனியாக வரச் சொன்னால் போகாதீர்கள். அப்படி இழக்கிற வாய்ப்பு வாய்ப்பே இல்லை.

பயிற்சியின்போது எழுதக் கூடாதது என்று ஏதாவது உண்டா?

இதைக் கல்லூரியில் அழுத்திச் சொல்வதில்லை. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது குற்றம். குழந்தை என்றால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு இன்னும் கடுமையாகச் சொல்கிறது: பெயர், முகவரி, படம் மட்டுமல்ல, குடும்பம், பள்ளி, வசிக்கும் பகுதி என்று அடையாளம் காட்டும் எதுவும் வரக் கூடாது. ‘அந்தத் தெருவில் உள்ள அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும்’ என்று எழுதினாலே ஊருக்குத் தெரிந்துவிடும். உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் இது பொருந்தும். தற்கொலைச் செய்தியில் முறையை விவரிக்காதீர்கள். சந்தேகம் வந்தால் டெஸ்க்கில் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

சாட்ஜிபிடி வைத்து எழுதலாமா?

பேட்டியின் ஒலிப்பதிவை எழுத்தாக்க, ஆங்கில அறிக்கையைப் புரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். விண்ணப்பக் கடிதத்தையும் செய்தியையும் நீங்களே எழுதுங்கள். தினமும் நூறு காப்பி பார்க்கிற டெஸ்க் ஆட்களுக்கு ஊர்ப்பெயர் தெரியாத, மண்வாசனை இல்லாத தமிழ் சட்டென்று பிடிபடும். சொல்லாத மேற்கோள் ஒன்று உள்ளே புகுந்து அச்சாகிவிட்டால் அன்றோடு உங்கள் பயிற்சி முடிந்தது.

பைலைன் (செய்தியோடு என் பெயர்) கிடைக்குமா? சான்றிதழ்?

ஆங்கில நாளிதழ்களில் பயிற்சியாளர் பெயரோடு செய்தி வருவது சாதாரணம். தமிழ் நாளிதழ்களில் ‘நமது நிருபர்’ என்றுதான் பெரும்பாலும் வரும். அதனால் நீங்கள் எழுதிய ஒவ்வொன்றையும் அன்றன்றே வெட்டி, தேதி, பதிப்பு, பக்க எண் எழுதி, நீங்கள் கொடுத்த மூலக் காப்பியோடு சேர்த்து வையுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் டெஸ்க் எங்கே கைவைத்தது என்று தெரியும். கற்பதற்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. இ-பேப்பர் பக்கங்கள் சில நாட்களில் கட்டணச் சந்தாவுக்குள் போய்விடும், தள்ளிப்போடாதீர்கள்.

சான்றிதழைக் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே கேட்டு வையுங்கள். தேதிகளும் நீங்கள் பார்த்த பிரிவும் அதில் இருக்கட்டும். அதோடு, உங்களை மேற்பார்த்தவரிடம், ‘சார், அடுத்த இடத்தில் உங்கள் எண்ணைக் கொடுக்கலாமா?’ என்று நேரடியாகக் கேளுங்கள். சரி என்றால், கல்லூரிக்குத் திரும்பிய பிறகும் மாதம் ஒரு முறை உங்கள் ஊரிலிருந்து ஒரு செய்தித் தகவலாவது அவருக்கு அனுப்பிக்கொண்டிருங்கள். பதிப்பில் ஆள் தேவைப்படும்போது முதலில் நினைவுக்கு வருவது அப்படி அனுப்பிக்கொண்டிருப்பவரின் பெயர்தான்.